பினா குடும்பத்துப் பல்தடம்

எங்கள் குடும்பத்தில் யாரும் பவளத்தைக் கடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. காயல் நலன் வாரியத்தின் கோப்பில் வேறு மாதிரி எழுதியிருக்கிறது.

என் பெயர் சிலாஸ் பினா. ரோவியானா காயலில் கொபிலா பாறைத்திட்டுக்கு எங்கள் குடும்பம்தான் காவல். எனக்கு முன் ஏழு பேர் பாங்காராவாக, அதாவது குலத்தலைவராக, இருந்து அதைக் காத்தார்கள். அங்கே மேயும் தோபா மீன்களை நாங்கள் குத்துவதில்லை. பிறர் குத்தவும் விடுவதில்லை. தோபா ஒரு பெரிய கிளிமீன். பத்து வயதுப் பிள்ளையின் உயரத்துக்கு வளரும். நெற்றி புடைத்து, முன்பற்கள் வெளியே தெரிய, கூட்டத்துக்குத் தலைமை தாங்க வந்தவர் போன்ற முகம். பவளத்தைக் கடித்து நொறுக்கித் தின்னும். தின்றதை வெள்ளை மணலாகப் பின்னால் விடும். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. வாரியம் வரும்வரை இது குற்றமாகவும் இருக்கவில்லை.

வாரியம் வந்து மூன்று வருடமாகிறது. எங்கள் கிராமத்துக்கு எதிரே ஹினாகு என்ற மணல் தீவில், மரத்தூண்களின் மேல் ஒரு தகர அலுவலகம் கட்டிக்கொண்டது. முதல் வேலையாகக் காயலில் உள்ள திட்டுகளை எல்லாம் இரண்டு பட்டியலாகப் பிரித்தது. பாதுகாவலர் உள்ளவை ஒன்று, திறந்தவை மற்றொன்று. திறந்த திட்டில் உரிமச்சீட்டு வைத்திருக்கும் எவரும் எதையும் பிடிக்கலாம். எங்களுக்குப் பாதுகாவலர் சான்றிதழ் வந்தது. நான் அதைச் சுவரில் மாட்டவில்லை. தகப்பன் வீடு தகப்பனுடையது என்பதற்குச் சீட்டு மாட்டிவைப்பவன் இல்லை நான்.

பிறகு ஒரு நாள் கடிதம் வந்தது. என் அக்காள் மகன் டிக்சன் அதைச் சத்தமாகப் படித்தான்.

"மாமா, கொபிலா திட்டுல பவளத்தை எல்லாம் பல்லால சேதப்படுத்தியிருக்காம். பாதுகாவலரும் அவர் குடும்பமும் விளக்கம் சொல்லணுமாம்."

"யாரு பல்லாலடா?"

"அது போடலை. பற்கள்னு மட்டும்தான் போட்டிருக்கு."

என் மனைவி மியூரியல் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "கவலைப்படாதீங்க. உங்களுக்கு இருக்கிறதே நாலு. உங்க மேல சந்தேகம் வராது" என்றாள்.

கடிதத்தின் கடைசி வரிதான் என்னை எழுந்து நிற்க வைத்தது. விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் எங்கள் பாதுகாவலர் தகுதி ரத்தாகும். கொபிலா திறந்த பட்டியலுக்குப் போய்விடும்.

காயல் வாயில் அப்போது ஒரு ஐஸ் படகு நங்கூரமிட்டு இரண்டு வாரமாகியிருந்தது. நகரத்து வியாபாரியுடையது. அதன் ஆட்கள் மீன் பிடிக்கவில்லை, வலை பின்னவில்லை, மேல்தளத்தில் படுத்து வெயில் காய்ந்தார்கள். கையில் உரிமச்சீட்டு இருந்தது. தோபா கூட்டம் இரவில் ஓரிடத்தில் சேர்ந்து, பாறையில் சாய்ந்து கட்டைபோலத் தூங்கும். டார்ச்சும் ஈட்டியுமாக நான்கு பேர் இறங்கினால் நாற்பது மீனும் ஒரே இரவில் முடிந்துவிடும். கொபிலா ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்காகத்தான் அந்தப் படகு காத்திருந்தது.

அடுத்த வாரம் வாரியத்தின் ஆய்வு அலுவலர் மிஸ் ரோசலின் வந்தாள். மரியாதையான பெண். நீந்தத் தெரியும், நுண்ணோக்கி பார்க்கத் தெரியும். வாரியத்தில் இவை இரண்டும் தெரிந்த ஒரே ஆள். ஒரு பெட்டி நிறையத் துணி சோப்புக் கட்டிகளோடு வந்திருந்தாள்.

"மன்னிக்கணும் பாங்காரா. ஏழாம் நம்பர் படிவம். குடும்பத்துல எல்லாரும் ஆளுக்கு ஒரு சோப்பைக் கடிச்சுத் தரணும். பவளத்துல இருக்கிற தடத்தோட ஒப்பிட்டுப் பார்க்கணுமாம்."

"அம்மா, உனக்கே தெரியுமே, கடிச்சது எதுன்னு."

"எனக்குத் தெரியும். படிவத்துல மீன்னு ஒரு கட்டம் இல்லை. மனிதர், பிற மனிதர். ரெண்டே கட்டம்தான்."

பினா குலத்தின் பாங்காரா சோப்பைக் கடிக்க மாட்டான் என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. வெறும் கையோடு போனால் இயக்குநர் அவளை மறுபடி அனுப்புவார். மியூரியல் உள்ளே போய், ஞாயிற்றுக்கிழமைக்காகக் கல்லடுப்பில் சுட்டு வைத்திருந்த மரவள்ளிப் புட்டிங்கைத் துண்டு போட்டுக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டில் பத்தொன்பது பேர். வரிசையாக நின்று ஆளுக்கு ஒரு கடி கடித்தோம். ரோசலின் ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் ஒட்டி, படம் எடுத்து, அளவு குறித்துக்கொண்டாள். டிக்சன் தன் மாதிரியை முழுங்கிவிட்டதால் இரண்டாவது மாதிரி கொடுக்க நேர்ந்தது. மூன்றாவதும் கொடுக்கத் தயாராக இருந்தான்.

என் நான்கு பற்களும் இன்றைக்கும் அரசாங்க ஆவணத்தில் இருக்கின்றன. என் முன்னோர் எதிரிகளின் மண்டையோடுகளைக் காட்டிப் புகழ் பெற்றவர்கள். அவர்களுக்கு இதை எப்படி விளக்குவேன் என்று தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து விசாரணைக்கு அழைத்தார்கள். ஹினாகுவில், அந்தத் தகர அலுவலகத்தில். இயக்குநர் கிளெமென்ட் தலைநகரத்திலிருந்து வந்தவர். வெள்ளைச் சட்டை, மெருகு போட்ட காலணி. மணலில் இறங்கவே மாட்டார். படகுத்துறையிலிருந்து அலுவலகம்வரை அவருக்காகப் பலகை போட்டிருந்தார்கள்.

பக்கத்துத் திட்டின் பாங்காரா ஒபெத் சாகாவும் அங்கே இருந்தான். நானும் அவனும் ஒன்பது வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. அவனுடைய பன்றி என் சர்க்கரைவள்ளித் தோட்டத்தில் புகுந்தது. வழக்கப்படி பன்றிக்குச் சொந்தக்காரன் சங்கு வளையம் ஒன்று ஈடு தரவேண்டும். தந்தான். கீறல் விழுந்த வளையம். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு டிக்சன் வழியாகத்தான்.

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "குடும்பத்தினர் பல் பொருந்தலை. மகிழ்ச்சி. அப்போ கடிச்சது யாரு?"

"மீன்" என்றேன்.

"என்ன மீன்?"

"தோபா."

"யாருடைய தோபா?"

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு. நாலு பேர் முன்னால் ஒன்றைக் காட்டி இது யாருடையது என்று ஒருவன் கேட்கும்போது நீ தலை குனிந்தால், அது உன்னுடையது இல்லை. கேட்டவன் எடுத்துக்கொண்டு போகலாம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எங்களுடையது. எட்டுத் தலைமுறையா எங்களுடையது."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. அவ்வளவு மகிழ்ச்சியை அதற்கு முன் அவர் முகத்தில் பார்த்ததில்லை. ஒரு புத்தகத்தைத் திறந்தார்.

"வாரியம் உங்க வழக்கத்தை மதிக்குது பாங்காரா. மதிக்கிறதுக்குன்னே ஒரு தனிப் பிரிவு வச்சிருக்கோம். உங்க வழக்கம் என்ன சொல்லுது? பன்றி செஞ்ச சேதத்துக்குப் பன்றிக்காரன் பொறுப்பு. அப்போ மீன் செஞ்சதுக்கு? ஒரு மீன் வருஷத்துக்கு அஞ்சு டன் பவளம் தின்னுது. உங்ககிட்ட நாப்பது மீன். எல்லை தாண்டி ஒபெத் சாகா திட்டுலயும் தின்னிருக்கு. அவர் புகார் கொடுத்திருக்கார்."

ஒபெத் எழுந்தான். "நான் ஒண்ணும் கொடுக்கலையே?"

"உங்களுக்காக நாங்களே எழுதிட்டோம். நீங்க பாதிக்கப்பட்டவர்."

ஒபெத் என் பக்கத்தில்தான் நின்றான். கை நீட்டினால் தொடலாம். இருந்தாலும் கதவோரம் நின்ற டிக்சனைத் திரும்பிப் பார்த்தான். "டேய் டிக்சன், உங்க மாமாகிட்டச் சொல்லு. அவர் மீன் என் திட்டுக்கு வந்து கடிக்குது, நிஜம்தான். கடிச்ச இடத்துலதான் புதுக் குஞ்சுப் பவளம் வந்து உக்காருது. கடிக்காத இடத்துல பாசிதான் உக்காருது. எவனாவது என் முற்றத்தைச் சும்மா பெருக்கிட்டுப் போனா அவன் மேல நான் கேஸ் போடுவேனா?"

"உணர்ச்சிவசப்படாதீங்க" என்றார் இயக்குநர். "பாதிக்கப்பட்டவங்க இப்படித்தான் பேசுவாங்க. கையேட்டுலயே இருக்கு."

பிறகு என் பக்கம் சாய்ந்து குரலைத் தணித்தார். "உங்களுக்கு ஒரு சுலப வழி சொல்றேன். மீன் உங்களுது இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. குற்றச்சாட்டு இன்னிக்கே முடிஞ்சுது."

"மீன் அப்புறம் யாருது?"

"யாருதும் இல்லை. யாருதும் இல்லாத மீனுக்கு உரிமச்சீட்டுதான் பேசும்."

ஜன்னல் வழியே ஐஸ் படகு தெரிந்தது. ஒருவன் ஈட்டிமுனையைத் தீட்டிக்கொண்டிருந்தான். நான் கையெழுத்துப் போடவில்லை. அப்படியானால் முப்பது நாளில் மீன்களைக் கட்டுக்குள் கொண்டுவரவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. கட்டுக்குள் என்றால் எப்படி என்று கேட்டேன். அது பாதுகாவலரின் பொறுப்பு, வாரியம் வழக்கத்தில் தலையிடாது என்றார்.

திரும்பி வரும்போது டிக்சன் கேட்டான், "மாமா, ஆமாம்னு சொல்லாம இருந்திருக்கலாமோ?"

"ஆமாம்னு சொன்னா ஆமாம்தான். துடுப்பைப் போடு."

அந்த மாதம் வாரியம் பவளத் தூய்மை நாள் கொண்டாடியது. அலுவலகத்தைச் சுற்றியுள்ள திட்டு முழுவதும் பச்சைப் பாசி மூடியிருந்தது. வாரியத்தின் விசைப்படகுகள் நாள் முழுவதும் உறுமிக்கொண்டிருந்ததால் தோபா அந்தப் பக்கம் போவதை நிறுத்தி இரண்டு வருடமாகியிருந்தது. பாசியைச் சுரண்டுவதற்காக ஒவ்வொரு கிராமத்துக்கும் ஐம்பது பல் துலக்கும் பிரஷ் வந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று சர்ச் பாடகர் குழுவினர் பாறையைத் தேய்த்தார்கள். மியூரியலும் தேய்த்தாள்.

பலகையின் மேல் நின்று இயக்குநர் பேசினார்.

"அன்புள்ள காயல் மக்களே! இந்த வேலையை இவ்வளவு காலமா யாரு பார்த்தாங்க? யாரும் பார்க்கலை! அது தானா நடந்துச்சு. தானா நடக்கிற வேலைக்கு அறிக்கை உண்டா? வருகைப் பதிவேடு உண்டா? மேற்பார்வை உண்டா? எந்தத் தகுதியும் இல்லாத ஒரு மீன் கையில நம்ம பவளத்தை விட்டு வச்சிருந்தோம். இன்னிக்கு மனுஷன் பொறுப்பு எடுத்துக்கிட்டான். காலையிலேர்ந்து எழுபது பேர் உழைச்சு ஒரு பாய் அளவு இடத்தைச் சுத்தம் பண்ணியிருக்கோம். இந்த வேகத்துல போனா, நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துல இந்தப் படகுத்துறை வரைக்கும் முடிச்சிடலாம்!"

எல்லோரும் கை தட்டினார்கள். கையில் பிரஷ் இருந்ததால் சத்தம் சரியாக வரவில்லை.

"ஒரு தோபா வாயைத் திறந்தா நாலு கடியில முடிஞ்சிருக்கும்" என்று மியூரியல் முணுமுணுத்தாள். "பிரஷ் மட்டும் நல்ல பிரஷ். ரெண்டு எடுத்து வச்சிருக்கேன். உங்க நாலு பல்லுக்கு ஒண்ணு போதும்."

முப்பது நாள் முடிந்தது. மீன்கள் கட்டுக்குள் வரவில்லை. வாரியம் அதைப் பற்றிக் கேட்க வருமுன்பே இரண்டாவது குற்றச்சாட்டு வந்தது. ரோசலினே கொண்டுவந்தாள். தோபா ஒன்று தண்ணீரில் வெள்ளைப் புகை போல மணலை விட்டுக்கொண்டே போவதை அவள் நீருக்கடியில் படம் எடுத்திருந்தாள். மீன் என்ன நன்மை செய்கிறது என்று காட்டத்தான் எடுத்தாளாம். இயக்குநர் பார்த்துவிட்டு, அனுமதியின்றிக் காயலில் திடக்கழிவு கொட்டுதல் என்று தலைப்பு வைத்துவிட்டார்.

உத்தரவு இது. பாதுகாவலரின் மீன்கள் கொட்டிய கழிவு முழுவதையும், இணைக்கப்பட்ட வரைபடத்தில் குறித்த இடத்திலிருந்து, பாதுகாவலர் தம் சொந்தச் செலவில் முப்பது நாளுக்குள் அகற்றவேண்டும். தவறினால் தகுதி ரத்து, திட்டு திறந்த பட்டியலுக்கு.

கீழே இயக்குநரின் கையெழுத்து. நீல முத்திரை.

நான் அதை மடித்துவைக்கப் போனேன். ரோசலின் தரையைப் பார்த்துக்கொண்டே, "பாங்காரா, வரைபடத்தையும் ஒரு தடவை பார்த்துடுங்க. பின்பக்கம் இருக்கு. சார் பின்பக்கம் திருப்ப மாட்டார்" என்றாள்.

திருப்பினேன். காயலின் படம். அதில் ஒரே ஒரு சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் ஹினாகு தீவு. கீழே அவளுடைய ஆய்வு முடிவு. தீவின் மணலை நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்ததில் பத்தில் ஒன்பது பங்கு தோபா தின்று வெளியேற்றியது.

நான் மூன்று முறை படித்தேன். பிறகு மியூரியலைக் கூப்பிட்டு என் பாகிஹாவை எடுத்து வரச் சொன்னேன். அது பெரிய சிப்பியிலிருந்து அறுத்த வளையம். பாங்காரா மட்டும் மார்பில் அணிவது. என் தகப்பனார் இறந்தபோது அணிந்தேன். அதன்பின் அதுவே இரண்டாவது முறை.

"எங்க கிளம்பிட்டீங்க இவ்ளோ ஜோரா?"

"அரசாங்க உத்தரவு. நம்ம குடும்பம் உத்தரவை மீறினதில்லை."

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பதினான்கு தோணிகளில் ஹினாகுவுக்குப் போனோம். மண்வெட்டி, கூடை, வாளி. இன்னும் இரண்டு தோணிகள் பின்னால் வந்தன. ஒபெத் சாகாவுடையவை. அவன் இறங்கி டிக்சனைக் கூப்பிட்டான்.

"டிக்சன், உங்க மாமாகிட்டச் சொல்லு. அவர் மீன் என் திட்டுலயும் தின்னுச்சு. அதனால இந்த மணல்ல என் பவளமும் இருக்கு. அள்ள எனக்கும் கடமை இருக்கு."

"அவர்கிட்டச் சொல்லு," என்றேன் நான், "படிக்கட்டுப் பக்கம் எனக்கு. பின்பக்கம் அவருக்கு."

தோண்ட ஆரம்பித்தோம். ஒழுங்காக, சத்தமில்லாமல், வேலைக்கு முன் ஜெபம் செய்துவிட்டுத்தான். எட்டு மணிக்கு முதல் ஆறு தோணி நிரம்பி எங்கள் சர்ச் முற்றத்துக்குப் போனது. ஒன்பது மணிக்கு இயக்குநர் வந்தார். அவருடைய பலகையை எடுத்து ஓரமாக அடுக்கி வைத்திருந்தோம். அதன் கீழேயும் கழிவு இருந்தது. படகுத்துறையில் நின்று காலணியைப் பார்த்தார், மணலைப் பார்த்தார், கடைசியில் காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்.

"என்ன நடக்குது இங்க? யாரு அனுமதி கொடுத்தது?"

உத்தரவை நீட்டினேன். படித்தார். தம் கையெழுத்தைப் பார்த்துத் தலையசைத்தார். "சரிதான். ஆனா இங்க எதுக்குத் தோண்டுறீங்க?"

"பின்பக்கம் பாருங்க."

திருப்பினார். நெடுநேரம் பார்த்தார். அந்த நேரத்தில் படிக்கட்டு ஓரத்துத் தூணின் அடியில் தண்ணீர் ஊறி, அலுவலகம் மெதுவாக ஒரு முறை முனகி, கடல் பக்கம் ஒரு முழம் சாய்ந்தது. உள்ளே ஏதோ ஒரு பெட்டி உருண்டு சுவரில் மோதியது.

"நிறுத்துங்க! நிறுத்தச் சொல்லுங்க!"

"இன்னும் இருபத்தெட்டு நாள் இருக்கு. அவசரமில்லை. முழுசா அள்ளிடுவோம்."

அவர் என்னை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனார். ஒதுக்குப்புறம் என்று அங்கே இப்போது அதிகம் மிச்சமில்லை. "பாங்காரா, யோசிச்சுப் பாருங்க. மணல் மணல்தான். இது உங்க மீனுதுன்னு யாரு கண்டா?"

"அப்படியா? அப்போ அதை எழுதிக் கொடுங்க. கொட்டினது எங்க மீன் இல்லைன்னு. கொட்டலைன்னா தின்னலை. தின்னலைன்னா கடிக்கலை. நாங்க வீட்டுக்குப் போறோம்."

அவர் முகம் தெளிந்தது. அலுவலகப் படியில் நின்ற ரோசலினிடம் தாள் கேட்டார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்படி எழுத முடியாது சார். அந்த ஆய்வை உங்க பேர்ல தலைநகரத்துக்கு அனுப்பியிருக்கீங்க. ஆண்டு விருதுக்கு. பத்துல ஒன்பது பங்குன்னு போட்டு. பரிசு வந்துடுச்சு. உங்க மேசைக்குப் பின்னாடிதான் மாட்டியிருக்கு. இருந்துச்சு. இப்போதான் விழுந்துச்சு."

பின்பக்கத்திலிருந்து ஒபெத்தின் மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அவன் நிறுத்தவில்லை.

"அப்போ நான் என்னதான் எழுதுறது?" என்றார் இயக்குநர். அவர் மனிதனைப் போலப் பேசியது அன்றுதான்.

"உள்ளதை எழுதுங்க" என்றேன்.

ரோசலினும் டிக்சனும் கூட வர, உள்ளே போனோம். சாய்ந்த மேசையில் பேனா நிற்கவில்லை. அவர் ஒரு வரி எழுதி நிமிரும்போதெல்லாம் அது உருண்டு கடல் பக்கச் சுவருக்குப் போனது. டிக்சன் நான்கு முறை எடுத்துக் கொடுத்தான். பிற்பகலில் கடிதம் முடிந்தது. அதில் உள்ளபடியே தருகிறேன்:

"ஹினாகுத் தீவின் மணல் பினா குடும்பத்தாரின் தோபா மீன்கள் இட்டதாகும். அதன்மீது காயல் நலன் வாரியத்தின் அலுவலகம் அக்குடும்பத்தாரின் அனுமதியோடு நிற்கிறது. தீவு கரையாமல் நிலைத்திருக்க அம்மீன்கள் தொடர்ந்து பவளத்தைத் தின்பது அவசியம் என்று வாரியம் ஏற்கிறது. ஆகவே கொபிலாத் திட்டு பாதுகாவலர் பட்டியலில் நிரந்தரமாக இருக்கும்."

முத்திரை குத்தும்போது மேசையை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

வெளியே வந்தேன். ஒபெத் மண்வெட்டியை ஊன்றி நின்றான். நான் டிக்சனைத் தேடினேன். அவன் தோணிக்குப் போய்விட்டான். வேறு வழியில்லை.

"முடிஞ்சுது ஒபெத்" என்றேன்.

"வளையத்துல கீறல் இருந்தது எனக்கும் தெரியும்" என்றான். "வேற இல்லை அப்போ." மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

ஐஸ் படகு புதன்கிழமை நங்கூரம் எடுத்தது. பாதுகாவலர் சான்றிதழை இப்போதும் நான் மாட்டவில்லை. இந்தக் கடிதத்தை மாட்டியிருக்கிறேன். விருந்தாளிகள் படிக்கும் உயரத்தில்.

அன்று நாங்கள் தீவிலிருந்து கிளம்பும்போது இயக்குநர் பள்ளத்தின் ஓரத்தில் வெறுங்காலோடு நின்றார். "இந்தக் குழியை யாரு நிரப்புறது பாங்காரா? வாரியத்துல அதுக்கு ஆள் இல்லையே?"

"எங்ககிட்ட இருக்கு" என்றேன். "நாப்பது பேர். உங்க படகு எஞ்சினை மட்டும் நிறுத்தி வைங்க. விடிஞ்சதும் வேலைக்கு வந்துடுவாங்க."